பிறப்பு, திருமணம், இறப்பு, பக்கத்தில் மாத்திரை: 19ஆம் நூற்றாண்டு நாளிதழ்களில் எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 6

பழைய ஆங்கில நாளிதழ்களிலிருந்து குடும்ப வரலாற்றுக் குறிப்புகளைப் படியெடுக்கும் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகளை மட்டும் எடுக்கிறேன். அவற்றை ஒட்டி நிற்கும் மருந்து விளம்பரங்களைத் தாண்டிவிடுகிறேன். அறிவிப்புகள் உண்மை, விளம்பரங்கள் பொய் என்பதால் இதுவே சரியான முறை என்று கருதுகிறேன். மறுப்பு உண்டா?

ஜனவரி 6, இரவு

உண்டு. இரண்டையும் உண்மை, பொய் என்று பிரிப்பதற்கு முன், இரண்டும் பக்கத்தில் எப்படி வந்து சேர்ந்தன என்பதைப் பார்க்க வேண்டும். லண்டன் டைம்ஸ் இதழின் முதல் பக்கத்தில் 1966 மே மாதம் வரை செய்தி கிடையாது, விளம்பரங்கள்தான். பிறப்பும் மணமும் இறப்பும் அந்தப் பக்கத்தில்தான், மற்ற விளம்பரங்களுக்கு நடுவே, காசு கொடுத்துப் போட்ட அறிவிப்புகளாக வந்தன. பிரிட்டனில் 1853 வரை ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அரசு தீர்வை இருந்தது; 1833 வரை அது 3 ஷில்லிங் 6 பென்ஸ், அதன் பிறகு 1 ஷில்லிங் 6 பென்ஸ். நீளத்தைப் பற்றிக் கவலையில்லை; இரண்டு வரி எழுதினாலும் அதே தீர்வை. செலவு செய்ய முடிந்தவர்களின் வீட்டு நிகழ்வுகளே பெரும்பாலும் அச்சேறின என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை. அமெரிக்காவின் சிற்றூர் வார இதழ்கள் பலவற்றில் ஓரிரு வரி அறிவிப்பு இலவசம். இரங்கற்பா சேர்த்தால் மட்டும் வரிக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்தப் பாக்களைப் படித்தவர்கள் அந்தக் கட்டணம் போதாது என்றே சொல்வார்கள்.

ஜனவரி 8

அறிவிப்பு என்ன சொல்கிறது என்று ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். வழக்கமான பிரிட்டிஷ் பிறப்பு அறிவிப்பு, இன்ன தேதியில், இன்ன தெருவில், இன்னாரின் மனைவிக்கு ஆண் குழந்தை என்று சொல்லி முடிந்துவிடும். குழந்தைக்குப் பெயர் இல்லை. அது பரவாயில்லை, பெயர் வைத்திருக்கமாட்டார்கள். பெற்றவளுக்கும் பெயர் இல்லை. இறப்பு அறிவிப்பிலும் நோயின் பெயரை எழுதுவது அரிது. நீண்ட, வேதனை மிகுந்த நோய்க்குப் பின் என்றோ, திடீரென்று என்றோ ஒரு சொற்றொடர் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும்.

இப்போது அடுத்த பத்திக்குப் போங்கள். அங்கே ஒரு தொழிலாளியின் மனைவி தன் சொந்தப் பெயரில், தெருவும் ஊரும் குறிப்பிட்டு, எத்தனை பிள்ளைகள், எந்தப் பிரசவத்துக்குப் பின் உடல் நலிந்தது, எத்தனை மருத்துவர்களைப் பார்த்தாள், எத்தனை புட்டிக்குப் பின் எழுந்து நடந்தாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்திரேலியாவின் கிளெமென்ட்ஸ் டானிக் விளம்பரங்கள் இந்த வகையில் தனிச்சிறப்பு உடையவை. நற்சான்று கொடுத்தவரிடம் சட்டப்படியான உறுதிமொழிப் பத்திரமே எழுதி வாங்கி, அதன் வாசகத்தை முழுமையாக அச்சிட்டார்கள். மருந்து வேலை செய்ததா என்பது வேறு கேள்வி; அந்தப் பெண் அந்தத் தெருவில் குடியிருந்தாள் என்பதற்கு அது ஒரு தடயம். காசு கொடுத்து அறிவிப்புப் போட வழியில்லாத வீட்டின் செய்தி, மருந்துக் கம்பெனியின் செலவில் அச்சேறியிருக்கிறது.

ஜனவரி 9

நற்சான்றுகள் எல்லாமே அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டவை அல்லவா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சில அப்படித்தான். சில விலை கொடுத்து வாங்கப்பட்டவை. சிலவற்றில் ஆள் உண்மை, நோயும் உண்மை, குணமானதற்குக் காரணம் மட்டும் வேறு. இன்ன ஊர்க்காரர் என்று முதலெழுத்தோடு நின்றுவிடும் கடிதத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை; முழுப் பெயரும் தெருவும் தொழிலும் இருந்தால் அந்தக் காலத்து ஊர் முகவரி நூலிலோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ தேடிப் பார்க்கலாம்.

பெரிய மனிதரின் பெயர் இருந்தால் நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. ஹாலோவே மாத்திரை விளம்பரத்தில் ஆல்ட்பரோ பிரபுவின் கடிதம் ஒன்று வரும். இத்தாலியின் லெக்ஹார்ன் நகரில் 1845 பிப்ரவரி 21 அன்று எழுதியதாகத் தேதி இருக்கும். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் தேர்ந்த மருத்துவர்களால் தீராத ஈரல், வயிற்றுக் கோளாறு இந்த மாத்திரையால் தீர்ந்தது என்பது செய்தி. அந்த ஒரே கடிதத்தை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் அச்சிட்டார்கள். ஆகையால் விளம்பரம் வெளியான தேதியை வைத்துக்கொண்டு கடிதம் எழுதியவர் அப்போது உயிரோடு இருந்தார் என்று யாரும் குறித்துவிட வேண்டாம்.

அந்த மாத்திரையை விற்ற தாமஸ் ஹாலோவே 1842இல் விளம்பரத்துக்குச் செலவிட்டது சுமார் 5,000 பவுண்டு. 1883இல் அவர் இறந்த காலத்தை ஒட்டி அது ஆண்டுக்கு 50,000 பவுண்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. மாத்திரை யாருக்கு எவ்வளவு குணம் தந்ததோ தெரியாது, அவர் நிறுவிய ராயல் ஹாலோவே கல்லூரிக்கு நல்ல கட்டடத்தைத் தந்தது.

ஜனவரி 12

குழந்தைகளைப் பற்றி எழுதாமல் இந்த விஷயத்தைத் தாண்ட முடியாது. ட்ரோவ் என்ற இணையதளத்தில் பழைய ஆஸ்திரேலிய இதழ்களை இயந்திரம் தவறாகப் படித்த இடங்களைத் திருத்துவது எனக்கு நெடுநாள் பழக்கம். இறப்புப் பத்தியைத் திருத்தும்போது ஒன்பது மாதம், பதினோரு மாதம், ஒரு வயது இரண்டு மாதம் என்று வயது வந்துகொண்டே இருக்கும். சில வாரங்களில் பெரியவர்களின் மரணமே குறைவாகத் தோன்றும். அந்த நூற்றாண்டின் இறப்புப் பதிவுகளில் பல் முளைத்தல் என்பது ஒரு மரணக் காரணமாகவே எழுதப்பட்டது. பல் முளைப்பதால் குழந்தை இறப்பதில்லை. பல் முளைக்கும் வயதில் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் வலிப்பிலும் குழந்தைகள் இறந்தார்கள். அந்த வயதே காரணமாக எழுதப்பட்டுவிட்டது.

அந்த அச்சத்தை நம்பித்தான் திருமதி வின்ஸ்லோவின் அமைதிச் சாறு விற்றது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து பாங்கர் நகரில் 1849இல் கர்ட்டிஸ் அண்ட் பெர்க்கின்ஸ் நிறுவனம் அதை விற்கத் தொடங்கியது. அனுபவமிக்க செவிலியான ஒரு தாய் பல் முளைக்கும் பிள்ளைகளுக்காகக் கண்டது என்று விளம்பரம் சொன்னது. உள்ளே மார்ஃபின் இருந்தது என்று சொல்லவில்லை. ஒரு அவுன்ஸுக்குச் சுமார் 65 மில்லிகிராம். குழந்தை அமைதியாகத் தூங்கியதில் வியப்பில்லை. சில குழந்தைகள் எழுந்திருக்கவில்லை. இங்கிலாந்தில் காட்ஃப்ரே கார்டியல் என்ற அபினிப் பாகு இதே வேலையைச் செய்தது. பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பொடிகள் சிலவற்றில் பாதரசச் சேர்மமான கலோமெல் இருந்தது. அதனால் கைகால்கள் சிவந்து தோல் உரியும் ஒரு நோய் வந்தது. அதற்குப் பாதரசம்தான் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் உறுதிப்பட்டது.

1868இல் பிரிட்டன் மருந்தகச் சட்டம் கொண்டுவந்து அபினி விற்பனையைக் கட்டுப்படுத்தியபோதும் பேட்டன்ட் மருந்துகள் எனப்பட்ட, விளம்பரத்தில் விற்ற இத்தகைய ஆயத்த மருந்துகளுக்கு விலக்குக் கொடுத்தது. புட்டியை ஒட்டி மூடி முத்திரையிட்டுவிட்டால் அதே அபினி வேறு பொருளாகிவிட்டது.

ஜனவரி 13

நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும், ஏனென்றால் அதைப் படித்த ஒருவர், தம் குடும்பத்து மூதாதை ஒருவரின் குழந்தை இறந்த அறிவிப்புக்கு நேர் கீழே வின்ஸ்லோ விளம்பரம் இருப்பதைக் கண்டு, குழந்தை அதனால்தான் இறந்தது என்று குடும்ப வரலாற்றில் சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறார். சேர்க்காதீர்கள். ஒரே பக்கத்தில் இருப்பது சான்று ஆகாது. அதுவும் அமெரிக்கச் சிற்றூர் இதழ்களில், ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டும் ஒரே ஊரில் அச்சானவை என்று கூடச் சொல்ல முடியாது.

விஸ்கான்சின் மாநிலத்து பாராபூ ஊரில் இதழ் நடத்திய ஆன்செல் நாஷ் கெல்லாக், 1861இல் உள்நாட்டுப் போரின் காரணமாக ஆள் கிடைக்காமல், தாளின் ஒரு புறத்தை வெளியூரில் அச்சடித்து வாங்கி, மறுபுறத்தில் மட்டும் உள்ளூர்ச் செய்தியை அச்சடித்தார். போர் முடிந்த 1865இல் சிகாகோவில் அதையே தொழிலாகத் தொடங்கினார். கதை, வேளாண்மைக் குறிப்பு, நகைச்சுவைத் துணுக்கு, மருந்து விளம்பரம் எல்லாம் ஒருபுறம் அச்சாகி, மறுபுறம் வெறுமையாக, தாள்கள் ரயிலில் ஊர் ஊராகப் போயின. உள்ளூர்க்காரர் வெற்றுப் புறத்தில் தம் ஊர் மணத்தையும் மரணத்தையும் கோத்தார். நகரத்து நிறுவனத்துக்கு விளம்பர வருமானம். உள்ளூர்க்காரருக்குத் தாளும் அச்சுக்கூலியும் மிச்சம். உங்கள் இதழின் நாலு பக்கங்களில் இரண்டில் எழுத்துருவே மாறியிருந்தால், அல்லது பக்கத்து மாவட்ட இதழிலும் அதே தொடர்கதை அதே இடத்தில் இருந்தால், இந்த வகைத் தாள்தான் என்று ஐயப்படலாம். அந்தப் புறத்து விளம்பரத்திலிருந்து அந்த ஊர்க் கடையில் அந்த மருந்து விற்றது என்று முடிவு கட்ட முடியாது. உள்ளூர்ப் புறத்தில் கடைக்காரர் பெயரோடு வந்திருந்தால் அது வேறு விஷயம்.

ஜனவரி 13, இரவு

இப்படிச் சொன்னால் முதலில் கேட்டவர் சொன்னதுதானே சரி, விளம்பரத்தை விட்டுவிடலாமே என்று ஒருவர் மடக்குகிறார். இல்லை. எந்தப் புறம் என்று பார்த்து எடுங்கள் என்கிறேன்.

ஜனவரி 17

அறிவிப்புகளின் கடைசி வரியை வெட்டிவிட்டுப் படியெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் பொன். இறப்பு அறிவிப்பின் அடியில், இல்லினாய் இதழ்கள் இதை எடுத்து வெளியிடுக, டப்ளின் இதழ்கள் எடுத்து வெளியிடுக என்று ஒரு வேண்டுகோள் இருக்கும். இறந்தவருக்கு அங்கே உறவினர் இருந்தார்கள், அல்லது அவர் அங்கிருந்து வந்தார் என்று பொருள். கப்பல் பயணிகள் பட்டியலில் கிடைக்காத ஊர் இந்த ஒரு வரியில் கிடைத்துவிடுகிறது. நண்பர்கள் இதையே தகவலாக ஏற்றுக்கொள்ளவும் என்று இருந்தால், தனித்தனியே கடிதம் எழுதவில்லை என்று அர்த்தம். திருமண அறிவிப்பில் அட்டைகள் இல்லை என்று வந்தாலும் அதே கதைதான். தம்பதி சிக்கனக்காரர்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன், அது என் தனிப்பட்ட பொல்லாத்தனம்.

அயர்லாந்துக் குடும்பங்களைத் தேடுவோர் பாஸ்டன் பைலட் இதழையும் பார்க்க வேண்டும். 1831 முதல் 1921 வரை காணாமற்போன உறவினர்களைத் தேடும் அறிவிப்புகள் அதில் வந்தன. பலவற்றில் பிறந்த ஊரும் திருச்சபை வட்டமும் இருக்கின்றன.

ஜனவரி 21

இறந்த தேதியையே மறைத்த அறிவிப்பு உண்டா என்று கேட்டவருக்கு: அறிவிப்பு மறைக்கவில்லை, விளம்பரம்தான் மறைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரில் லிடியா பிங்கம் என்ற அம்மையார் பெண்களின் உடற்கோளாறுகளுக்கான மூலிகைச் சாற்றை 1875 முதல் விற்றார். சாற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆல்கஹால். மதுவிலக்கை ஆதரித்த குடும்பம் அது. 1879 முதல் அவர் முகமே விளம்பரப் படம். பெண்கள் வெட்கப்படாமல் தம் துன்பங்களைப் பிங்கம் அம்மையாருக்கே எழுதலாம், ஆண்கள் யாரும் படிக்கமாட்டார்கள் என்று விளம்பரம் அழைத்தது. அவர் 1883 மே மாதம் இறந்தார். அழைப்பு நிற்கவில்லை, எழுதியவர்களுக்குப் பதிலும் போய்க்கொண்டே இருந்தது. 1905இல் லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற அமெரிக்கப் பெண்கள் இதழ் அவருடைய கல்லறைக் கல்லின் படத்தை வெளியிட்டுத்தான் வாசகிகளுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இதழ் 1892லேயே இத்தகைய விளம்பரங்களை நிறுத்தியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருமானம் போகும் என்ற பயம் அதற்கு இல்லை.

ஜனவரி 22

பெண் படம் எதுவும் கைவசம் இல்லாத சிற்றூர் இதழ்கள், விக்டோரியா அரசியின் செய்திக்கும் பிங்கம் அம்மையாரின் அச்சுக்கட்டையையே பயன்படுத்தின என்று ஒரு கதை சொல்வதுண்டு. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படத்தின் கீழே பெயர் இருப்பதால் மட்டும் அது உங்கள் பாட்டிக்குப் பாட்டி என்று சட்டம் போட்டு மாட்டிவிடாதீர்கள்.

ஜனவரி 28

தேதி பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அறிவிப்புகளில் மாதப் பெயரை எழுதாமல் இம்மாதம், சென்ற மாதம் என்று பொருள்படும் இலத்தீன் சுருக்கத்தைப் போட்டுவிடுவார்கள். ஒரு வார இதழ் அதை வேறோர் இதழிலிருந்து எடுத்து மாதம் மாறிய பின் அப்படியே அச்சிட்டால், திருமணம் ஒரு மாதம் தள்ளிப்போய்விடும். ஆகவே நிகழ்வு நடந்த ஊருக்கு மிக அருகிலிருந்த இதழைத் தேடி அதன் தேதியையே கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மணவிழா ஆண்டுகள். அமெரிக்க உள்ளூர்ச் செய்திகளில் பத்தாம் ஆண்டுத் தகர மணவிழா ஒரு கேலிக்கூத்தாகவே நடந்திருக்கிறது. தகரத் தொப்பி, தகரக் குடை, தகர விசிறி என்று பரிசுகளை வரிசையாக எழுதியிருப்பார்கள். கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் கூட இருந்தால் உறவுமுறையை அதிலிருந்தே ஊகிக்கலாம். வெள்ளி 25, பொன் 50 என்பதில் குழப்பமில்லை. வைர மணவிழா என்று வந்தால் அவசரமாகக் கழித்துப் பார்க்கக் கூடாது. 60 என்றும் 75 என்றும் இரண்டு வழக்கும் அந்த நூற்றாண்டில் இருந்தன. 1897இல் விக்டோரியாவின் 60ஆம் ஆண்டு விழா வைர விழாவாகக் கொண்டாடப்பட்ட பின்பே 60 நிலைத்தது. தவறாகக் கழித்தால் மணமகள் பிறப்பதற்கு முன்பே அவளுக்குத் திருமணம் நடத்திவிடுவீர்கள்.

பிப்ரவரி 3

இத்தனை மரணங்களை அச்சிட்ட இதழ்கள் மருந்தைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் எழுதவில்லை என்று கேட்டவருக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். முழுக்க எழுதவில்லை என்பது சரியல்ல. மோரிசன் மாத்திரையை அளவின்றிக் கொடுத்ததால் ஒருவர் இறந்ததாக 1836இல் லண்டனில் அதன் விற்பனையாளர் ஒருவர் மீது வழக்கு நடந்து, குற்றம் உறுதியாகி, 200 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இதழ்கள் அதை விரிவாகவே வெளியிட்டன. மாத்திரை விற்பனை அதனால் நின்றுவிடவில்லை.

பிரிட்டனில் அரசே இதில் ஒரு பங்காளி. 1783 முதல் 1941 வரை இந்த மருந்துகள்மீது முத்திரைத் தீர்வை இருந்தது. ஒரு ஷில்லிங் மருந்துக்கு ஒன்றரைப் பென்ஸ். விளம்பரங்களில் 1 ஷில்லிங் 1½ பென்ஸ் என்ற விசித்திரமான விலை திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். புட்டியின் மேல் அரசு முத்திரையைக் கண்டவர்கள் அரசே மருந்தைச் சோதித்து அனுமதித்ததாக நம்பினார்கள். விற்றவர்கள் அந்த நம்பிக்கையைக் கலைக்க முயலவில்லை. ஒரு கினி (21 ஷில்லிங்) மதிப்புள்ள பெட்டி என்று விளம்பரப்படுத்திய பீச்சம் மாத்திரையை பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பகுத்து 1909இல் வெளியிட்டது: கற்றாழைப் பால், இஞ்சி, சோப்பு. 56 மாத்திரை கொண்ட பெட்டியின் சரக்குச் செலவு அரை ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் விஷயம் இன்னும் வெளிப்படை. ‘ஹால்ஸ் கேட்டார் க்யூர்’ என்ற சளி மருந்தை விற்ற சேனி, இதழ்களோடு செய்யும் விளம்பர ஒப்பந்தத்தில் சிவப்பு மையில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: அந்த மாநிலத்தில் இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தால் ஒப்பந்தம் செல்லாது. சட்டம் வராமல் பார்த்துக்கொள்வது இதழ் ஆசிரியரின் பொறுப்பாகிவிட்டது. 1905இல் காலியர்ஸ் என்ற அமெரிக்க வார இதழ் இதை அம்பலமாக்கியது. 1906 ஜூன் 30 அன்று கையெழுத்தான அமெரிக்க மத்தியச் சட்டம், ஆல்கஹால், மார்ஃபின், அபினி, கொக்கெய்ன் போன்றவை இருந்தால் அவற்றின் அளவைச் சீட்டில் எழுத வேண்டும் என்றது. விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனாலும் எழுதியதே போதுமாக இருந்தது, பல தாய்மார்கள் புட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 5

எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் மாத்திரையில் இரும்புச் சத்து இருந்தது. கனடாவின் ப்ராக்வில் ஊரைச் சேர்ந்த ஃபுல்ஃபோர்ட் 1890இல் அதன் உரிமையை 53 டாலர் 1 சென்ட்டுக்கு வாங்கி உலகம் முழுவதும் விற்றார். இரத்தசோகையால் வெளிறிய இளம்பெண் அதைச் சாப்பிட்டுத் தேறினேன் என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவே இருக்கக்கூடும். பக்கவாதமும் தீர்ந்தது என்று அதே விளம்பரம் சொல்லும்போதுதான் சிக்கல். ஒன்டாரியோவின் ஹாமில்டனில் நிரந்தரமாக முடங்கியவர் என்று மதுவிலக்குச் சங்கம் ஒன்றிடம் 1,000 டாலர் காப்புத்தொகை பெற்ற ஒருவர் எழுந்து நடந்தார் என்பதைச் செய்தி போலவே எழுதி 1890களில் எங்கும் பரப்பினார்கள். தலைப்பு, ஊர், நிருபரின் நடை எல்லாம் செய்திதான். மாத்திரையின் பெயர் கடைசிப் பத்தியில்தான் வரும். எனவே செய்திப் பத்தியில் உங்கள் உறவினர் அதிசயமாகப் பிழைத்ததாக வாசித்தால், முடிவு வரை வாசித்துவிட்டுக் கண்ணீர் விடுங்கள்.

பிப்ரவரி 11

நடைமுறையில் நான் செய்வது இது. இங்கிலாந்து, வேல்ஸில் 1837 ஜூலைக்குப் பிறகு, ஸ்காட்லாந்தில் 1855 முதல், அயர்லாந்தில் 1864 முதல் அரசுப் பதிவு உண்டு. அதனால் அங்கே இதழின் அறிவிப்பைப் பதிவேட்டுக்கு வழிகாட்டியாக மட்டும் கொள்கிறேன். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 20ஆம் நூற்றாண்டு வரை ஒழுங்கான பதிவு இல்லை. அங்கே சிற்றூர் இதழின் ஒரு வரியே சில நேரம் ஒரே சான்று. நற்சான்றுக் கடிதத்தில் பெயர், தெரு, தொழில், வயது, பிள்ளைகள் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனியே எடுத்து, கடிதம் எழுதிய தேதியையும் விளம்பரம் முதலில் வெளிவந்த தேதியையும் பக்கத்தில் குறிக்கிறேன். நோயின் பெயரை மேற்கோளாகவே விடுகிறேன், ஏனென்றால் ஈரல் கோளாறு என்று எழுதியவருக்கு உண்மையில் என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது.

தேடும்போது குடும்பப் பெயரை மட்டும் இட வேண்டாம். சின்ன எழுத்தில் நெருக்கி அச்சான பத்திகளை இயந்திரம் தாறுமாறாகப் படித்து வைத்திருக்கிறது. தெருவின் பெயரோடு மருந்தின் பெயரைச் சேர்த்துத் தேடினால், பெயர் சிதைந்துபோன கடிதங்களும் அகப்படுகின்றன. ட்ரோவில் அப்படி அகப்பட்டவற்றை அங்கேயே திருத்திவிட்டால் அடுத்துத் தேடுபவருக்குப் பெயரிலேயே கிடைக்கும்.